அணுவளவே ஆயினும் அவசியம்: நுண் தாதுப்பொருட்களும் மனித நலமும்

மண்ணில் விளைவதை உண்டு உடல் வளர்கிறது. வாழ்வு முடிந்தபின் அது மண்ணோடு கலக்கிறது. நம் முன்னோர் தத்துவமாக உரைத்த இவ்வுண்மையை, இன்றைய அறிவியல் நிறுத்தும் அளந்தும் காட்டுகிறது. மனித உடலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு பிராணவாயு, கரி, நீரகம், நைட்ரஜன் ஆகிய நான்கு மூலகங்களால் ஆனது. எஞ்சியிருக்கும் 4 விழுக்காடே தாதுப்பொருட்கள். இந்தச் சிறு பங்கு இல்லையெனில் எலும்பு நிமிராது, இதயம் துடிக்காது, மூளை சிந்திக்காது.

மாவுச்சத்து, கொழுப்பு முதலியவற்றில் பலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ள வல்லது. ஆனால் ஓர் அணு இரும்பையோ ஓர் அணு அயோடினையோ எந்த உயிரும் தன்னுள் உண்டாக்க இயலாது. அவை பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து நமக்கும் வந்து சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதன் விளைவை மனித உடல் அனுபவிக்க நேரிடுகிறது.

பேரளவும் நுண்ணளவும்

தாதுப்பொருட்களை இரு வகையாகப் பிரிப்பது வழக்கம். நாள்தோறும் 100 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படுபவை பேரளவுத் தாதுக்கள். சுண்ணாம்புச்சத்து எனப்படும் கால்சியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், குளோரின் ஆகியவை இவ்வகையின. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் உள்ளது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பற்களிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு விழுக்காடு இரத்தத்திலும் திசுக்களிலும் இருந்துகொண்டு, தசையின் அசைவுக்கும் இரத்தம் உறைதலுக்கும் துணைபுரிகிறது. உணவில் கால்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து அதை எடுத்து இரத்தத்தின் அளவைக் காக்கும். இவ்விழப்பு பல ஆண்டுகள் வெளியில் தெரிவதில்லை.

மற்றொரு வகை நுண் தாதுக்கள். இரும்பு, துத்தநாகம், செம்பு, அயோடின், செலினியம், மாங்கனீசு முதலியவை இவ்வகையில் அடங்கும். உடல் முழுவதிலும் உள்ள இரும்பு 3 முதல் 4 கிராம் மட்டுமே. ஒரு சிறு ஆணி செய்யப் போதுமான அளவு. துத்தநாகம் ஏறத்தாழ 2 கிராம். அயோடினோ 15 முதல் 20 மில்லிகிராம்தான். இவற்றுள் மிகச் சிறியதாகிய அயோடினின் வரலாறு, நுண் தாதுக்களின் இயல்பை விளங்கிக்கொள்ளத் தக்க பாடமாக அமைகிறது. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் நாட்டிலேயே எழுதப்பட்டது.

அயோடின் ஆற்றும் பணி

கழுத்தின் முன்பகுதியில் பட்டாம்பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி அமைந்துள்ளது. உடலில் உள்ள அயோடினின் பெரும்பகுதி இச்சுரப்பியிலேயே சேமிக்கப்படுகிறது. இங்கு உருவாகும் சுரப்புநீர் ஒவ்வொரு உயிரணுவும் எவ்வளவு விரைவாகச் செயல்பட வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிறது. உடல் வெப்பம், இதயத் துடிப்பு, குழந்தையின் வளர்ச்சி, மூளையின் வளர்ச்சி ஆகிய அனைத்தும் அதைச் சார்ந்தவை. அந்தச் சுரப்புநீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று அல்லது நான்கு அயோடின் அணுக்கள் இடம்பெறுகின்றன. அயோடின் இல்லையேல் சுரப்புநீர் இல்லை.

வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். கருவுற்ற பெண்களுக்கு 250 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எழுபது ஆண்டுகள் வாழும் ஒருவரின் மொத்தத் தேவையைக் கூட்டினாலும் அது 4 கிராமை எட்டாது. ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். ஆயினும் இதை ஒரே நாளில் உண்டு சேமித்துவிட முடியாது. சிறிது சிறிதாக, நாள்தோறும் கிடைக்க வேண்டும்.

அது கிடைக்காதபோது மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை மேலும் மேலும் தூண்டுகிறது. தைராய்டும் இரத்தத்தில் வரும் சிறிதளவு அயோடினையும் தவறவிடாமல் பற்றிக்கொள்ளும் பொருட்டுப் பருக்கத் தொடங்குகிறது. இதுவே முன்கழுத்துக் கழலை. பார்ப்பவர்க்கு நோயாகத் தோன்றும் அந்த வீக்கம், உண்மையில் பற்றாக்குறையைச் சமாளிக்க உடல் மேற்கொள்ளும் முயற்சியே.

மலை இழந்ததும் கடல் பெற்றதும்

இமயமலையின் அடிவாரப் பகுதிகளில் கழலை நோய் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. சில கிராமங்களில் கழலை இல்லாத கழுத்தைக் காண்பதே அரிது என்னும் நிலை நிலவியது. முன்வினை என்றும், மலையாற்று நீரின் குற்றம் என்றும் மக்கள் பலவாறு எண்ணினர்.

காரணம் மண்ணில் இருந்தது. அயோடின் நீரில் எளிதில் கரையக்கூடியது. பனிப்பாறைகளின் நகர்வும், பெருமழையும், ஆற்று வெள்ளமும் பல்லாயிரம் ஆண்டுகளாக மலைமண்ணின் அயோடினைக் கழுவிக் கடலுக்குக் கொண்டு சென்றுவிட்டன. கடலிலிருந்து காற்றின் வழியாகவும் மழையின் வழியாகவும் நிலத்துக்குத் திரும்புவது மிகச் சிறிதளவே. எனவே அந்நிலத்தில் விளையும் தானியம், அங்கு மேயும் பசுவின் பால், அங்குள்ள ஊற்றுநீர் ஆகிய எல்லாவற்றிலும் அயோடின் குறைவு. வயிறு நிறைய உண்டாலும் இக்குறை நீங்காது. அடிக்கடி வெள்ளத்துக்கு உள்ளாகும் ஆற்றுச் சமவெளிகளிலும் இதே நிலை காணப்படுகிறது.

காங்ரா பள்ளத்தாக்கின் பாடம்

கடற்பாசியின் சாம்பலிலிருந்து 1811-ஆம் ஆண்டில் அயோடினைப் பிரித்தறிந்தவர் பிரான்சு நாட்டின் பெர்னார்டு கூர்த்துவா. ஸ்விட்சர்லாந்து 1922-ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1924-ஆம் ஆண்டிலும் உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கின. ஆனால் நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் அம்முறை பயனளிக்குமா என்னும் ஐயம் நீடித்தது. மேலை நாடுகளில் பயன்பட்ட பொட்டாசியம் அயோடைடு, ஈரம் பட்ட உப்பிலிருந்து எளிதில் வெளியேறிவிடும் தன்மையுடையது.

இவ்வினாவுக்கு விடை காண 1956-ஆம் ஆண்டில் காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. இன்று இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள காங்ரா அப்போது பஞ்சாப் மாநிலத்தின் பகுதியாக இருந்தது. ஆந்திரத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசுவாமி இதற்குத் தலைமை ஏற்றார். பின்னாளில் இவர் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அப்பகுதி மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பும், மற்றொரு பகுதிக்குச் சாதாரண உப்பும், மூன்றாம் பகுதிக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பும் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் பள்ளிக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவரில் இருவருக்குக் கழலை இருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் 1962-ஆம் ஆண்டில் கணக்கெடுத்தபோது, அயோடின் பெற்ற இரு பகுதிகளிலும் நோய் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்பு பெற்ற பகுதியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. உண்ணும் உணவிலும் வாழும் முறையிலும் மூன்று பகுதியினருக்கும் வேறுபாடு இல்லை; உப்பில் கலந்த கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்றே வேறுபாடு.

இதன்பின் எஞ்சிய பகுதிக்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட்டது. அங்கும் நோய் தணிந்தது. ஆயினும் அந்த ஆறு ஆண்டுகளில் சாதாரண உப்பு பெற்ற ஊர்களில் கருவாகிப் பிறந்த குழந்தைகளுக்கு அப்பயன் கிட்டவில்லை. அறிவு ஒன்றை ஐயமற நிறுவுவதற்கு மனித குலம் கொடுக்கும் விலை எத்தகையது என்பதை இது நினைவூட்டுகிறது. அவ்வாறு கிடைத்த அறிவைப் பயன்படுத்தாது விடுவது அம்மக்களுக்குச் செய்யும் நன்றிக்கேடாகும்.

ஈரமான தட்பவெப்பத்திலும் நிலைத்து நிற்கும் பொட்டாசியம் அயோடேட்டே இந்தியாவுக்கு ஏற்றது என்பதும் தெளிவாயிற்று. 1962-ஆம் ஆண்டில் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் உருவாயிற்று. குறைபாடு மலைப்பகுதிகளோடு நிற்கவில்லை என்பது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்ததால், 1980-களில் உண்ணும் உப்பு முழுவதிலும் அயோடின் கலப்பது என்னும் முடிவு எடுக்கப்பட்டது. அயோடின் கலவாத உப்பை உணவுக்காக விற்பதற்கு 1997-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் விதிக்கப்பட்ட தடை 2000-ஆம் ஆண்டில் விலக்கப்பட்டு, 2006-ஆம் ஆண்டு மே மாதம் முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

கருவிலேயே நேரும் இழப்பு

கழலை வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. அயோடின் குறைவின் பெருந்தீங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்கிறது. கருவில் உள்ள சிசு முதல் மூன்று மாதங்களில் தாயின் தைராய்டு சுரப்பையே முற்றிலும் சார்ந்திருக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் தத்தம் இடத்தைச் சென்றடையும் காலம் அது. அப்போது தாயிடம் அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தை செவிடாகவும் பேச்சற்றும் வளர்ச்சி குன்றியும் பிறக்கக்கூடும். கருச்சிதைவும் நேரலாம்.

இத்தகைய கடுமையான பாதிப்பு சிலருக்கே ஏற்படுகிறது. ஆனால் மிதமான குறைபாடும் ஒரு சமுதாயம் முழுவதையும் மெல்லப் பின்னிழுக்கிறது. அயோடின் குறைந்த பகுதிகளில் வாழ்வோரின் அறிவுத்திறன் அளவீடு, போதிய அயோடின் பெறுவோரைவிடச் சராசரியாக 13 புள்ளிகளுக்கு மேல் தாழ்ந்திருப்பதை 1994-ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அத்தகைய குழந்தை நோயாளியாகத் தோன்றுவதில்லை. பள்ளிக்குச் செல்கிறது, பாடம் மனத்தில் தங்குவதில்லை. ஆசிரியர் மந்தம் என்கிறார். பெற்றோர் சோம்பல் என்று கடிந்துகொள்கின்றனர். பிறக்கும் முன்பே நேர்ந்துவிட்ட அந்த இழப்பைப் பின்னால் எந்த மருந்தாலும் முழுமையாக ஈடுசெய்ய இயலாது. தடுப்பது ஒன்றே வழி. அதற்காகும் செலவோ மிகச் சிறியது.

‘தூய உப்பு’ என்னும் மயக்கம்

இவ்வளவு எளிய தீர்வு கிடைத்த பின்னும் ஒரு புதிய இடர் தோன்றியுள்ளது. உடல்நலத்தில் நாட்டமும் ஆசாரத்தில் பற்றும் உடைய குடும்பங்கள் பல, ஆலையில் பதப்படுத்திய உப்பைத் தவிர்த்து, இந்துப்பையோ சுத்திகரிக்காத கல்லுப்பையோ அன்றாட உணவில் பயன்படுத்தத் தொடங்கியுள்ளன. இயற்கையானது, பல தாதுக்கள் நிறைந்தது என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம். நோக்கம் நல்லது, ஆனால் உண்மை நிலையை ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

இந்துப்பு பழங்காலக் கடல்கள் வற்றிப் படிந்த பாறைகளிலிருந்து வெட்டியெடுக்கப்படுவது. அதன் செந்நிறத்துக்குக் காரணமான இரும்பு முதலிய தாதுக்கள் மிகச் சிறிதளவே உள்ளன. நாம் உண்ணும் உப்பின் அளவில் அவை உடலின் தேவைக்குப் போதா. அயோடினோ அதில் பெயரளவுக்கே உள்ளது. கடல்நீரில் அயோடின் இருப்பதால் கடலுப்பிலும் அது நிறைய இருக்கும் என்று கருதுவதும் பிழை. உப்பளத்தில் நீர் வற்றும்போது அயோடினில் பெரும்பகுதி உப்புடன் சேர்வதில்லை. உப்பு உற்பத்தியில் முன்னணியில் உள்ள மாநிலங்களுள் ஒன்றாகிய தமிழ்நாடே, 2018-19-ஆம் ஆண்டில் நடந்த நாடளாவிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் இல்லங்களின் விகிதத்தில் கடைசி இடத்தில் இருந்தது. நாடு முழுவதற்குமான விகிதம் ஏறத்தாழ 76 விழுக்காடு. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு மலைபோல் குவிந்திருந்தும் இந்நிலை.

விரத நாட்களில் இந்துப்பைப் பயன்படுத்துவதில் தீங்கு இல்லை. ஆண்டு முழுவதும் அதையே பயன்படுத்துவதில்தான் இடர் உள்ளது. கருவுற்ற மகளோ மருமகளோ வளரும் குழந்தையோ உள்ள இல்லத்தில் அது மிகவும் கருதத்தக்கது. கல்லுப்பையே விரும்புவோருக்கு அயோடின் கலந்த கல்லுப்பும் கிடைக்கிறது.

உப்பைக் குறைக்குமாறு மருத்துவர்கள் கூறுவதும், அயோடின் உப்பை உண்ணுமாறு கூறுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பின் அளவைக் குறைக்க வேண்டும். உண்ணும் அந்தச் சிறிதளவும் அயோடின் கலந்ததாக இருக்க வேண்டும். இவ்வளவே அதன் பொருள்.

இரும்பும் துத்தநாகமும்

அயோடினைப் போலவே இரும்பும் அமைதியாகப் பணியாற்றுவது. இரத்தத்தின் சிவப்பணுக்களில் அமர்ந்து, நுரையீரலிலிருந்து பிராணவாயுவை உடலெங்கும் கொண்டு செல்வது அதன் கடமை. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரும்புக்குறைவு அதன் முதன்மையான காரணங்களுள் ஒன்று. வீட்டில் அனைவருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் தாய்மார்களின் களைப்பைக் குணக்குறையாகவோ வயதின் இயல்பாகவோ கருதி விட்டுவிடுதல் தவறு.

தாவர உணவில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. உணவோடு தேநீரோ காபியோ அருந்தினால் அது மேலும் குறைகிறது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா முதலிய உயிர்ச்சத்து ‘சி’ நிறைந்தவற்றை உணவோடு சேர்த்துக்கொண்டால் பெருகுகிறது. எதை உண்கிறோம் என்பது மட்டுமல்லாமல், எதனோடு உண்கிறோம் என்பதும் நலத்தை நிர்ணயிக்கிறது.

துத்தநாகத்தின் முக்கியத்துவத்தை உலகுக்கு உணர்த்தியவர் பீகாரின் பக்சரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். 1958-ஆம் ஆண்டில் ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரில் இவரிடம் 21 வயது இளைஞர் ஒருவர் அழைத்து வரப்பட்டார். தோற்றத்தில் அவர் பத்து வயதுச் சிறுவனைப் போலிருந்தார். புளிக்கவைக்காத ரொட்டியே அவரது முக்கிய உணவு. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. இரத்தசோகைக்கு இரும்புக்குறைவு காரணம். ஆனால் வளர்ச்சி நின்றதற்கு அது மட்டும் விளக்கமாகவில்லை. துத்தநாகம் எங்கும் நிறைந்திருப்பதால் மனிதருக்கு அதில் குறைவு நேராது என்றே அக்காலத்தில் கருதப்பட்டது. பிரசாத் அக்கருத்தை ஏற்காமல் எகிப்தில் ஆய்வைத் தொடர்ந்தார். துத்தநாகம் அளிக்கப்பட்ட இளைஞர்கள் வளர்ந்து பருவமடைந்ததைக் கண்டு உலகம் வியந்தது.

தானியத்தின் தவிட்டில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் கட்டிப்போடுகிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை அக்கட்டைத் தளர்த்துகின்றன. இட்லி மாவைப் புளிக்கவிட்டும், பயறை முளைகட்டியும் உண்ணும் நம் வழக்கங்களின் சிறப்பு இதனால் விளங்கும். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் துத்தநாகமும் அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் நிறுவனமும் 2004-ஆம் ஆண்டு முதல் வலியுறுத்தி வருகின்றன.

மிகுதியும் தீங்கே

குறைவு தீங்கு என்பதால் மிகுதி நன்மை ஆகிவிடாது. சிறிதளவு ஃபுளோரைடு பற்சிதைவைத் தடுக்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி, பல ஆண்டுகள் உடலில் சேருமானால் பற்களில் கறை படிகிறது. எலும்புகள் இறுகி முதுகு வளைகிறது. எலும்பைத் தாக்கும் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1937-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் விவரிக்கப்பட்டது. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் இதனால் பல கிராமங்கள் பெருந்துன்பம் அடைந்தன. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து நீரிலிருந்து ஃபுளோரைடை அகற்றும் முறை, அம்மாவட்டத்தின் பெயராலேயே வழங்குகிறது.

செலினியமும் அவ்வாறே. சீனாவின் கேஷான் பகுதியில் அதன் குறைவால் குழந்தைகளும் இளம்பெண்களும் இதயநோய்க்கு ஆளாயினர். பஞ்சாபின் வடகிழக்கில் சில ஊர்களிலோ மண்ணில் அது மிகுந்து கால்நடைகளையும் பயிரையும் பாதித்தது. ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் ஆகிறது. ஆகவே விளம்பரங்களை நம்பிச் சத்து மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உண்பது அறிவுடைமை ஆகாது. மிதமே நலத்தின் அளவுகோல்.

இல்லத்தில் கடைப்பிடிக்கத் தக்கவை

• சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே வாங்குக. அதை மூடிய கலத்தில், அடுப்பின் வெப்பமும் வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்திருத்தல் நன்று. சமையலின் இறுதியில் உப்பிட்டால் அயோடின் இழப்பு குறையும்.

• வாரத்தில் சில நாட்களேனும் கேழ்வரகு உணவு இடம்பெறட்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. எள், பால், தயிர், கீரை ஆகியவையும் கால்சியம் தரும்.

• உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி இருத்தல் நலம்.

• பயறுகளை ஊறவைத்தோ முளைகட்டியோ சமைத்தல் சிறந்தது. ஒரே தானியத்தை நம்பியிராமல் பலவகைத் தானியங்களையும் காய்கனிகளையும் மாற்றி மாற்றி உண்ணுக.

• கருவுற்ற பெண்கள் மருத்துவர் அளிக்கும் இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் உண்ணலாகாது.

• சிறுநீரக நோய் உடையோர் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தக் கூடாது. தைராய்டு நோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் தம் மருத்துவரின் அறிவுரைப்படியே நடத்தல் வேண்டும்.

• ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகுவோர் அதில் ஃபுளோரைடின் அளவைச் சோதித்து அறிவது நல்லது.

மலை இழந்ததை உப்பு திருப்பித் தருகிறது. அதை வாங்கி உணவில் சேர்ப்பது ஒவ்வொரு இல்லத்தின் கையிலும் உள்ளது. வறியவரும் செல்வரும், மலைவாழ்வோரும் கடற்கரையில் வாழ்வோரும் உப்பின்றி உண்பதில்லை. அந்தப் பொதுவான ஒரு கைப்பிடியின் வழியாகவே, இன்னும் பிறவாத குழந்தையின் அறிவுக்கும் நாம் காவலாக நிற்க முடிகிறது. பெரிய தானங்களைச் செய்ய இயலாதவரும் இந்தச் சிறிய கடமையைச் செய்யலாம். கிராமத் தொண்டில் ஈடுபடும் அன்பர்கள், தாம் செல்லும் ஒவ்வொரு வீட்டிலும் உப்புக் கலத்தைப் பற்றி ஒரு சொல் கேட்டு வருவார்களாயின், அதுவும் சேவையே.